ஒரு தலை குறைகிறது

பழைய கூடத்தைத் திறக்க வேண்டும் என்று மருமகள் சாவி கேட்டபோது, சாவி எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்றேன்.

"இடுப்புல சத்தம் கேக்குது மாமா," என்றாள்.

அவளிடம் எதையும் மறைப்பது கஷ்டம். அப்படியும் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன்.

நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் நாற்பத்திரண்டு வருடம் பணியாள். மணி அடிப்பது, கதவு திறப்பது, பூட்டுவது, ஆரம்ப வருடங்களில் காலையில் வகுப்பு வகுப்பாகப் போய்த் தலை எண்ணி ஆபீசில் சொல்வது. ஓய்வு கொடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. சாவிக்கொத்தைத் திருப்பி வாங்க வேண்டும் என்று எந்தத் தலைமையாசிரியருக்கும் தோன்றவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. கேட்டை ஒட்டி இரண்டு அறை வீடு. மகன் தூர ஊர்களுக்கு வண்டி ஓட்டுகிறான், மாதத்துக்கு ஒரு முறை முகம் காட்டுவான். மருமகள் இதே பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். ஆக, வீட்டில் அவளும் நானும்தான். பெற்ற மகள் பார்த்துக்கொள்வதைப் போல என்னைப் பார்த்துக்கொள்கிறாள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

கூடம் பெரிய கட்டடத்துக்குப் பின்னால் தனியாக நிற்கிறது. சன்னல்கள் ஆள் எட்டாத உயரத்தில். ஒரே கதவு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உள்ளே ஒரு கோடியில் பலகை போட்ட மேடை. வருடக்கணக்காக உடைந்த பெஞ்சுகளைக் கொண்டுபோய் அடைக்கும் இடமாகத்தான் இருந்தது. திரையில் படம் காட்ட இருட்டு வேண்டும், பள்ளியில் இதைவிட இருட்டான அறை இல்லை என்பது மருமகளின் நியாயம்.

ஒரு வியாழக்கிழமை காலை, வெயில் ஏறும் முன் போய்த் திறந்தோம். எண்ணெய் காணாத பூட்டு. மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். சாவி பட்டதும் திறந்துகொண்டது.

அது எனக்குப் பிடிக்கவில்லை.

பூட்டிக் கிடந்த அறைகளின் வாடை எனக்கு அத்துப்படி. எலி, தூசி, நனைந்த மரம். இது அந்த வாடை இல்லை. நிறையப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போன இடத்தின் வாடை. வியர்வை, ஈரத்துணி, மூத்திரம். இப்போதுதான் எழுந்து போன மாதிரி. மருமகளுக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை. இரண்டு தும்மல் போட்டுவிட்டு, தூசிக்குத் துணியைக் கட்டிக்கொண்டு பெஞ்சுகளை இழுக்க ஆரம்பித்தாள்.

இழுத்துக்கொண்டே விவரம் சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதாம். பிறந்த பிறப்புக்காகவே கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்ட மனிதர்களின் படங்கள், கடிதங்கள், தப்பிப் பிழைத்தவர்கள் பேசிய குரல்கள் எல்லாம் அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பல நாடுகளில் நடந்தது. வாத்தியார்கள் இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று தனியாகவும் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். அருங்காட்சியகம் என்றால் நாலு சுவர் வேண்டும், ஒரு காவல்காரன் வேண்டும், யாரும் தொட்டுப் பார்க்க முடியாத ஒன்றை எப்படி நம்புவது என்று கேட்டேன். சிரித்தாள். பிறகு சொன்னாள்: நம் நாட்டு அக்கரைக்காரர்களும் அதில் இருக்கிறார்கள்.

கையிலிருந்த பெஞ்சைக் கீழே வைத்தேன்.

எங்கள் ஊரில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. பாடப் புத்தகத்திலும் கிடையாது. இவள் வெளியூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணம் ஆகி இங்கே வந்தவள். எங்கேயோ நடந்ததாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. படம், பெயர், வயது, செய்த தொழில், கடைசியில் என்ன ஆனார் என்று ஒரு வரி. பிள்ளைக்கு ஒரு பக்கமாக அச்செடுத்துக் கொடுத்து, கூடத்தில் உட்கார வைத்து, அந்தப் பெயர்களில் வருகைப்பதிவு எடுக்கப்போவதாகச் சொன்னாள். பிள்ளைகளை அந்த மனிதர்களாக நடிக்க வைக்காதீர்கள், அவர்கள் பட்ட பாடு விளையாட்டு இல்லை என்று அந்த அருங்காட்சியகமே எழுதியிருந்ததை சற்று முன்தான் செல்போனில் இவளே எனக்குப் படித்துக் காட்டியிருந்தாள். அதை ஞாபகப்படுத்தினேன்.

"நடிக்க வைக்காதேன்னுதான் போட்டிருக்கு மாமா. பேரைக் கூப்பிடாதேன்னு போடல."

கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்றேன்.

"வரட்டும். பெஞ்சு நிறையக் கிடக்கு," என்றாள்.

அன்று பிற்பகல் ஒன்பதாம் வகுப்பு வந்தது. முப்பத்தோரு பிள்ளைகள். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தோம். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில், உள்ளே பக்கத்தில் இருப்பவன் மூக்கு தெரியவில்லை. மருமகள், பெயரோடு கிடைத்த பக்கங்களில் முப்பதைப் பொறுக்கியிருந்தாள். முப்பத்தோராவதாகப் பெயர் தெரியாத ஒரு படம். அதை, வகுப்பிலேயே வாய் ஓயாத ஒருத்திக்குக் கொடுத்தாள். அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் இல்லாத படத்துக்கு இவளாவது எதையாவது பேசுவாள் என்று எண்ணியிருக்க வேண்டும்.

நான் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

மருமகள் கூப்பிட ஆரம்பித்தாள். அந்தப் பெயர்களை இங்கே சொல்ல மாட்டேன். ஒருமுறை கூப்பிட்டதே போதும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்றது. முதலில் சிரிப்பு இருந்தது. பத்துப் பெயர் தாண்டியதும் அடங்கியது. முப்பது பெயர் முடிந்தது.

"பெயர் தெரியாத சிறுமி," என்றாள் மருமகள்.

"உள்ளேன் டீச்சர்," என்றாள் ரேடியோ.

"உள்ளேன் ஐயா."

தாழ்வாக, தரையோடு தரையாக வந்த குரல். மேடைப் பக்கத்திலிருந்து.

யார் அது இரண்டு தடவை சொல்வது என்று மருமகள் அதட்டினாள். எல்லோரும் ரேடியோவைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் இல்லை டீச்சர், சத்தியமா இல்லை என்று அவள் குய்யோ முறையோ என்று கத்தினாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் தொண்டை எனக்குத் தெரியும். உடைந்தும் உடையாமலும் இருக்கும். நான் கேட்டது பால்பல் விழுந்த வாயிலிருந்து வந்த சத்தம்.

இன்னொன்றும் இருந்தது. இப்போதைய பிள்ளைகள் ஐயா என்று சொல்வதில்லை. அன்று அந்த இடத்தில் இருந்த ஒரே பெரிய ஆம்பிளை நான்.

அன்று சாயங்காலம் காப்பியை வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. இனி மறைத்துப் பயனில்லை, கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அக்கரைக்காரர்கள் எங்கள் ஊரில் இருந்தவர்கள். எந்தக் காலத்திலோ ஆற்றைத் தாண்டி வந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர். தையற்காரர், மருந்துக்கடைக்காரர், எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார் என்று ஊரோடு ஊராகக் கலந்து கிடந்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயதானபோது ஆட்சியில் இருந்தவர்கள் வீடு வீடாகப் போய் அவர்களைப் பட்டியல் எடுத்தார்கள். பிறகு கொண்டுவந்து இந்தக் கூடத்தில் அடைத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர், மூன்று நாள். தாழ்ப்பாள் போட்டது நான். போடு என்றார்கள், போட்டேன். தண்ணீர் கேட்டு உள்ளேயிருந்து தட்டினார்கள். திறக்காதே என்றார்கள், திறக்கவில்லை. இதை எப்படியாவது முழுங்கிக்கொண்டு ஒருவன் வாழ்ந்துவிடலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் லாரிகள் வந்தன. அதிகாரிக்கு அவசரம். ஏற ஏற எண்ணு என்று என்னிடம் விட்டுவிட்டு, எண்ணி முடிப்பதற்குள் பட்டியலில் கையெழுத்தும் போட்டுவிட்டார். முதல் லாரியில் ஏறக் காலும் தூக்கிவிட்டார். என் கணக்கில் நூற்றுப் பதினொன்றுதான் வந்தது. இன்னொரு முறை எண்ணினேன். நூற்றுப் பதினொன்று. பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை தவறாத பையன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது. வேறு ஒரு காரணமும் இல்லை. பகையும் இல்லை, பயமும் இல்லை.

"ஐயா, ஒரு தலை குறையுது," என்றேன்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் லாரி கிளம்பிப் போயிருக்கும்.

மேடைக்குக் கீழே சின்னப் பலகைக் கதவு ஒன்று உண்டு, திரைச்சீலை வைக்கும் பொந்து. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதற்குள் ஒடுங்கிக் கிடந்தாள். அவளை இழுத்தெடுத்ததும் நான்தான், அந்தப் பொந்துக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியாக இருந்தது நான் ஒருவன்தான். அதிகாரியோடு வந்த ஒருவர் படம் எடுத்தார். லாரிகள் போயின. யாரும் திரும்பி வரவில்லை. கல்குவாரி வரைக்கும் போனதாகப் பேசிக்கொண்டார்கள், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நான் பொந்தின் கதவுக்கு ஆணி அடித்தேன். தலை எண்ணும் வேலையை வேறு ஆளிடம் தள்ளிவிட்டேன்.

என் மனைவி சாகும்வரை இது தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். மகனுக்குத் தெரியாது. மருமகளுக்குத் தெரிந்தால் எனக்குச் சோறு போடாமல் இருக்க மாட்டாள். தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

அடுத்த வியாழக்கிழமை அதே பிள்ளைகளுக்கு இரண்டாவது பாடம். முப்பத்தோரு படங்களையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினாள். கடைசிப் படம் வந்தபோது நான் கதவிடுக்கில் நின்றிருந்தேன்.

ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மடங்கு பெரிதாக நின்றாள். தலைமுடியில் ஒட்டடை. கண் எங்கேயோ. அவள் தோளில் ஒரு கை. கைக்கு மேலே படம் வெட்டுப்பட்டிருந்தது.

சிறுவயதில் கேட்டில் நசுங்கி என் இடது கைச் சுண்டுவிரலில் பாதி போய்விட்டது. திரையில் இருந்த கையின் விரல்கள் சட்டைத் துணிக்குள் அழுந்திக் கிடந்தன. சுண்டுவிரல் பாதியில் முடிவது, தெரிந்து தேடும் கண்ணுக்குத்தான் படும். நான் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மருமகள் படத்தின் கீழே இருந்ததைப் படித்தாள். ஓர் அதிகாரி இறந்த பிறகு அவர் வீட்டுப் பெட்டியிலிருந்து கிடைத்த படம். சிறுமியின் பெயர் தெரியவில்லை. இடம் தெரியவில்லை. கை யாருடையது என்றும் தெரியவில்லை.

"அவங்க அப்பாவா இருக்கும் டீச்சர்," என்றாள் ரேடியோ. "கீழ விழாம புடிச்சிட்டிருக்காரு."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு வருகைப்பதிவு. முப்பது பெயர்களுக்கும் முப்பது பிள்ளைகள் சொன்னார்கள். பெயர் தெரியாத சிறுமி என்றபோது ரேடியோ வாயைத் திறக்கவே இல்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், கதவிடுக்கு வெளிச்சத்தில் நானே பார்த்தேன்.

"உள்ளேன் ஐயா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கருவியில் ஏதோ கோளாறு, அருங்காட்சியகத்துக் குரல் ஏதாவது நடுவில் புகுந்திருக்கும் என்று மருமகள் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தினாள். அவளே அதை நம்பினாளா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதை விட்டுவிடு என்றேன். ஏன் என்றாள். கூடம் நல்ல இடம் இல்லை என்றேன். ஏன் நல்ல இடம் இல்லை என்றாள். சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டேன். காரணம் சொல்லாமல் நிறுத்தச் சொன்னால் நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது, நாடே சேர்ந்து மூடி வைத்ததை நானும் மூடவா என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை.

இரண்டு நாள் கழித்து ரேடியோ கேட்டுப் பக்கம் என்னைத் தேடி வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். அந்த வியாழனுக்குப் பிறகு அவள் பேசி நான் கேட்கவில்லை.

"தாத்தா, அந்த மேடைக்குக் கீழ யாரு இருக்கா?"

எலி என்றேன்.

"எலி பேசுமா?"

என்ன பேசுகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வெயிலில் சுற்றாதே, வீட்டுக்குப் போ என்று விரட்டினேன்.

மூன்றாவது வியாழக்கிழமை. சாவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டேன். மருமகள் அலுவலகத்தில் இன்னொரு சாவி இருப்பதைக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டாள். நான் முக்காலியை எடுத்துக்கொண்டு போய் வெளியே உட்கார்ந்தேன். இன்று பெயர் கூப்பிட மாட்டேன், ஒரே ஒருத்தரின் வாழ்க்கையை மட்டும் சொல்லப் போகிறேன் என்று அவள் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். சொன்னபடியே செய்தாள். தையற்காரர் ஒருவரைப் பற்றிப் பேசினாள். அவர் எனக்கு முதல் நீளக் கால்சட்டை தைத்துக் கொடுத்தவர். கேட்டுக்கொண்டே இருந்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்போது கதவில் தட்டும் சத்தம்.

உள்ளேயிருந்து. முழங்கால் உயரத்தில்.

மெதுவாக, மூன்று தட்டு. நின்று, மறுபடி மூன்று. தண்ணீர் கேட்டுத் தட்டியது அப்படித்தான்.

கதவு ஒருக்களித்துத் திறந்துதான் கிடந்தது. பலகையின் மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் எண்ண நினைக்கவில்லை. ஐம்பத்தோரு வருடமாக எண்ணாத வாய், தானாக முணுமுணுத்தது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

பின்னால் மருமகள் வந்தாள். கூடம் காலி.

"ஒரு தலை குறையுது," என்றேன்.

ரேடியோவைக் காணவில்லை. வெளியே போகவில்லை, ஒரே கதவு, அதன் வாயில் நான். விளக்கைப் போட்டுப் பெஞ்சுக்குக் கீழெல்லாம் தேடினோம். மருமகள் அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப் போனாள். அதற்குள் அந்தப் பெண்ணின் அம்மா அழைத்துப் போகக் கேட்டில் வந்து நிற்பதாக யாரோ சொன்னார்கள். மருமகள் முகத்தில் ரத்தமே இல்லை.

மேடையின் பக்கவாட்டில் போய் நின்றேன். பலகைக் கதவில் நான் அடித்த ஆணிகள் துருப்பிடித்து, அடித்தபடியே இருந்தன. காதை வைத்தேன்.

மூச்சுச் சத்தம்.

கடப்பாரை கொண்டுவந்து பெயர்த்தேன். மருமகள் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். பொந்தின் கடைக்கோடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ரேடியோ உட்கார்ந்திருந்தாள். தலைமுடியெல்லாம் ஒட்டடை. மருமகள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். தன் பெயர் அது இல்லை என்பது போல அந்தப் பிள்ளை அசையாமல் இருந்தது. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது.

"எண்ணி முடிச்சாச்சா?"

கிசுகிசுப்பாக. மூன்றாம் வகுப்புக் குரலில்.

நான் குப்புறப் படுத்துக் கையை உள்ளே நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் உள்ளே நகர்ந்தாள். அதற்கு மேல் உள்ளே இடமே கிடையாது, சுவர்தான். இருந்தும் நகர்ந்தாள். முகம் பாதி இருட்டுக்குள் போய்விட்டது.

கையை எடுத்துவிட்டேன்.

நகர நகர அவள் போய்க்கொண்டிருந்தாள். இன்னொரு சாண் போனால் வெளிச்சம் எட்டாது. என்ன செய்தால் வருவாள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. செய்தால் என் மருமகள் என்ன கேட்பாள் என்பதும் தெரிந்தே இருந்தது.

வகுப்பு வாசலில் நின்று இரண்டு வருடம் தினமும் கேட்ட பெயர். வாத்தியார் கூப்பிடுவது போல, அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து, சத்தமாகக் கூப்பிட்டேன்.

"உள்ளேன் ஐயா."

ரேடியோவின் உதடு அசையவில்லை. குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது, சுவர் இருக்க வேண்டிய இடத்திலிருந்து.

ரேடியோ கண்ணைக் கொட்டினாள். ஒட்டடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். அழுதபடியே தவழ்ந்து வெளியே வந்தாள். வந்த பத்தாவது நிமிடம் யார் தன்னை உள்ளே தள்ளியது, தன் செருப்பு ஒன்று எங்கே என்று மூச்சுவிடாமல் கேட்க ஆரம்பித்தாள். அவள் வாயை நான் அன்று கும்பிட்டேன்.

பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு மருமகள் கேட்டாள்.

"அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

பாதி சொன்னேன். இந்தக் கூடம்தான் அது, அந்தப் பெண் மூன்றாம் வகுப்பில் படித்தவள், இங்கிருந்துதான் கொண்டுபோனார்கள், பார்த்தேன் என்றேன். எண்ணியதைச் சொல்லவில்லை. மருமகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு காலம் இதைத் தனியாகச் சுமந்தீர்களா, நான் ஒரு மடச்சி, பெயரை வைத்து விளையாடிவிட்டேன் என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் அழுதாள். அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனசில்லை.

"அந்தக் கை யாரோடது?"

"யாரோ அதிகாரி," என்றேன். "ஞாபகமில்லை."

படத்தில் இருப்பவரைத் தெரிந்தவர்கள் எழுதி அனுப்ப அந்த அருங்காட்சியகத்தில் ஓர் இடம் இருக்கிறது. அன்று சாயங்காலமே மருமகள் பெயர், வயது, வகுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் எழுதினாள். தகவல் தந்தவர் என்று ஒரு கட்டம் இருந்தது. உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றாள். வேண்டவே வேண்டாம், உன் பெயரைப் போடு என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டாள். கூடத்தைப் பூட்டினோம். அதற்குப் பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை. எனக்குத் தூக்கம்கூட வந்தது.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல், பள்ளி விட்டு வந்தவள் கம்ப்யூட்டரைச் சமையல்கட்டு மேசையில் வைத்து என்னைக் கூப்பிட்டாள். பெயரைப் போட்டுவிட்டார்கள் மாமா, வாங்க பார்க்கலாம் என்றாள். சந்தோஷத்தில் குரல் உடைந்திருந்தது. அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதே படம். கீழே சிறுமியின் பெயர், அப்பா பெயர், வயது எட்டு, பள்ளிக்கூடம். தகவல் தந்தவர் என்ற இடத்தில் என் மருமகள். வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள்.

அதற்குக் கீழே இன்னும் எழுத்து இருந்தது.

"கை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் எழுந்து போய் அணைக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள்.

நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். கை என்று போட்டு, அதற்கு நேராக என் பெயர் முழுதாக இருந்தது. பள்ளிப் பணியாள் என்றும் இருந்தது. தகவல் வந்த நாள், மருமகள் எழுதி அனுப்பிய அதே நாள், அதே சாயங்காலம். தகவல் தந்தவர் என்ற இடத்தில், மேடைக்குக் கீழே நான் சத்தமாகக் கூப்பிட்ட பெயர். பக்கத்தில் சின்ன எழுத்தில், தகவல் தந்தவருடன் பேசிச் சரிபார்க்கப்பட்டது என்று.

எல்லோர் பக்கத்திலும் அவர் கடைசியில் என்ன ஆனார் என்று ஒரு வரி இருக்கும். எனக்கும் போட்டிருந்தார்கள். விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் படித்தேன்.

இன்னும் இங்கேதான் இருக்கிறார். தினமும் பார்க்கிறேன்.